வண்டி தூங்கினாலும் பேட்டரி தூங்காது

ஆடி மாதம். இடுக்கி மலையில் விடாத மழை. ஏலக்காட்டுக்குப் போகும் மண்பாதை சேறாகிக் கிடந்தது. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் ஒரு மாதத்துக்கும் மேலாக ஓடாமல் நின்றது.

ஓர் இரவு பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்தது. ஜீப்கார அண்ணன் ஓடி வந்து சாவியைத் திருப்பினார். "டிக், டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி இறங்கிவிட்டது! ஏழெட்டுப் பேர் மழையில் நனைந்தபடி ஜீப்பைத் தள்ளினோம். இறக்கத்தில் உருண்டபோது இன்ஜின் பிடித்தது. அக்காவும் குழந்தையும் நலமாகத் திரும்பினார்கள். ஆனால் அன்று பட்ட பயத்தை நாங்கள் மறக்கவில்லை.

"ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி எப்படி இறங்கும்?" என்று வகுப்பில் பலரும் கேட்டார்கள். அதைத் தெரிந்துகொள்வோம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

ஜீப் பேட்டரி 12 வோல்ட் பேட்டரி. அதற்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் சுமார் 2 வோல்ட் தரும். அறைக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. அவை தண்ணீர் கலந்த ஆசிட்டில் மூழ்கி நிற்கின்றன. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே இந்த வகைப் பேட்டரியைக் கண்டுபிடித்தார்.

ஏன் இறங்குகிறது?

மழைக்காலத்தில் சும்மா வைத்த உப்பும் கசிகிறது அல்லவா? அதுபோலச் சும்மா இருக்கும் பேட்டரியிலும் மின்சாரம் மெல்லக் குறையும். புதிய வண்டிகளில் கடிகாரமும் அலாரமும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் வெள்ளையாக உப்புப் படியும். நாளானால் அது கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் சரியாக ஏறாது. புதுப் பேட்டரிதான் வாங்க வேண்டும். பல நாள் கூலி போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. வண்டியை நிறுத்தி வைக்கும் முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். முழு சார்ஜில் மீட்டர் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

2. பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ்.

3. தகடுகள் மூழ்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்தால் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம். ஆசிட்டும் வேண்டாம். திறக்க முடியாத பேட்டரிக்கு இந்த வேலை இல்லை.

4. முனைகளில் பூத்திருப்பதைச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

5. மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவதால் பயன் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்ப ஏறாது.

கவனம்!

சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. கதவைத் திறந்து வையுங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். ஈயம் விஷம். குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஜீப்புக்கு மட்டுமா?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்தப் பேட்டரிகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

இப்போது ஜீப்கார அண்ணன் வீட்டுக் காலண்டரில் மாதம் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் இருக்கிறது. பக்கத்தில் "சார்ஜ்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். நீங்களும் எழுதி வையுங்கள்.