உங்களுக்குத் தெரியுமா? பகைவர் கூடிய இடம்

சாமுவேலின் முதல் புத்தகம், 17-ஆம் அதிகாரம். தாவீதின் கவணுக்கு முன்பே அங்கே ஊர்ப்பெயர்கள் வருகின்றன. பெலிஸ்தர் யூதாவின் சோக்கோவில் கூடி, சோக்கோவுக்கும் அசெக்காவுக்கும் நடுவே பாளையம் இறங்குகிறார்கள். பலரும் இந்தப் பெயர்களைத் தாண்டி நேரே கோலியாத்திடம் போய்விடுகிறோம். தயவுசெய்து அங்கே நில்லுங்கள். பெலிஸ்தர் கடலோரச் சமவெளிக்காரர்கள். இஸ்ரயேல் அரசன் சவுலின் ஆட்கள் மலைநாட்டுக்காரர்கள். சமவெளியிலிருந்து மலைக்கு ஏறும் வழிகளில் ஒன்று, இந்த ஊர்கள் இருக்கும் ஏலா பள்ளத்தாக்கு. சோக்கோ யூதாவின் ஊர் என்பதால், பகைவன் ஏற்கெனவே வீட்டுக்குள் கால் வைத்துவிட்டான்.

கோலியாத் 40 நாள் காலையும் மாலையும் சவால் விட்டான். இரு படைகளும் எதிரெதிர் மலைகளில், நடுவே பள்ளம். முதலில் இறங்கும் படை, மேட்டில் நிற்பவர்களை நோக்கி ஏறிப் போரிட வேண்டும். இரண்டும் அசையாமல் நின்றதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பகைவர் வாசல்வரை வந்து நிற்பது திருத்தணிக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். அரக்கோணத்தைத் தாண்டினால் தக்கோலம். 949-இல் அங்கே சோழ இளவரசன் இராஜாதித்தனை எதிர்த்து வந்தவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். கிருஷ்ணனுக்குத் தோள் கொடுத்தவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். முதலாம் பராந்தகனிடம் நாட்டை இழந்த பாணர்களும் இராஷ்டிரகூடரிடம்தான் புகலிடம் தேடியிருந்தார்கள். இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான்.

அந்தப் போரைச் சொல்லும் கர்நாடகத்து ஆதகூர்க் கல், காளி என்ற வேட்டைநாய்க்கு நட்ட நடுகல்லும்கூட! காட்டுப்பன்றியோடு போராடி அந்த நாய் இறந்தது.

இராஜாதித்தனின் தோழர் ஒருவர் சேரநாட்டுக்காரர். அவனோடு சேர்ந்து மடிய முடியவில்லையே என்ற வேதனையில் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆனார். அங்குள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது.

பிற்காலத்திலும் இப்பகுதி போர்க்களமானது: திருத்தணிக்கு மேற்கே சோளிங்கரில் 1781-இல் மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள்.

மறுபடி விவிலியத்துக்கு வருவோம். 83-ஆம் சங்கீதத்தின் பகைவர் பட்டியலை வரைபடத்தோடு வாசித்துப் பாருங்கள். தெற்கே ஏதோம், கிழக்கே மோவாபும் அம்மோனும், மேற்கே பெலிஸ்தர், வடக்கே தீரு. நாலு பக்கமும் அடைபட்ட மக்களின் மன்றாட்டு அது.

சாமுவேலின் முதல் புத்தகம் 28-ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் மறுபடி கூடுகிறார்கள். இந்த முறை சூநேமில், ஏலாவுக்கு வெகு வடக்கே, யெஸ்ரயேல் சமவெளியின் ஓரத்தில். ரதம் ஓடத் தோதான தரை. எதிரே கில்போவா மலையில் சவுல். அந்த மலையில்தான் அவனும் அவன் மகன்கள் மூவரும் விழுந்தார்கள்.