எல்லைப்புறத்தில் பெயர்ப்பலகைத் தொழில்

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி வழியாக அத்திப்பள்ளிக்குச் செல்வோர், சிறிது நேரத்திற்குள் கடைத்தெருவின் எழுத்தே மாறிவிடுவதைக் காண்பர். தமிழ் குறைந்து கன்னடம் மிகும். இவ்விரண்டு எழுத்தையும் பிழையின்றி அமைக்கவல்ல தொழிலாளிக்கு இவ்வட்டாரத்தில் பிழைப்பு உண்டு. ஆயினும், ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் போர்டு எழுதும் தொழில் மடிந்துவிட்டது என்றே நம் கிராமத்து இளைஞர் பலர் எண்ணுகின்றனர். தூரிகையை மட்டும் நம்பியிருந்தோரின் வருவாய் குன்றியது மெய்யே. ஆனால் ஃபிளெக்ஸும் நிலையான வழியன்று. 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தபின், அனுமதியற்ற பதாகைகள்மீது கெடுபிடி மிகுந்தது. கடன் வாங்கி அவ்வியந்திரம் ஒன்றையே நம்பி இறங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

முதலில் கற்க வேண்டியது எழுத்து. தமிழ்நாட்டில் கடைப்பலகைகளில் தமிழ் முதலிடம் பெறவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றிற்கு 5:3:2 என்பது அளவு. கர்நாடகத்தில் 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 60 விழுக்காடு கன்னடம் வேண்டும். இடத்தைப் பங்கிட்டால் மட்டும் போதாது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மேலே அமரும். கன்னடக் கூட்டெழுத்தில் இரண்டாம் மெய் அடியில் தொங்கும். ஆதலின் கன்னட வரியின் கீழ் இடம் கூடுதலாக விடவேண்டும். இதை அறியாதவர் கணிப்பொறியில் அமைத்தாலும் எழுத்து ஒன்றையொன்று இடிக்கும். பத்தடித் தொலைவுக்கு ஓரங்குல உயரம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. சுழி மிகுந்த தமிழ் எழுத்துக்குச் சற்றுக் கூட்டுதல் நலம்.

கடைத்தெருவினும் தொழிற்சாலைகளே நல்ல வாடிக்கை என்பது என் கருத்து. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் ஓசூரில் ஆலைகள் பெருகின. ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவரும் அவற்றில் உழைக்கின்றனர். தமிழ் படிக்கவறியாத அவர்களுக்கு வண்ணமும் வடிவமுமே மொழி. சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும் தடையைக் குறிக்கும். கறுப்பு விளிம்புடைய மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. நீல வட்டம் தலைக்கவசம் போன்றவற்றைக் கட்டாயமாக அணியச் சொல்வது. பச்சை, வெளியேறும் வழியும் முதலுதவியும். இவற்றை ஐ.எஸ். 9457 என்னும் இந்தியத் தரம் வகுத்துள்ளது. அழகு கருதி நீலத்தைப் பச்சையாக்கினால் தீ விபத்தின்போது ஒருவர் உயிருக்கே கேடு. ஆகவே இப்பலகை செய்வோர் அத்தரத்தை வாங்கிப் படித்தல் இன்றியமையாதது. வினைல் வெட்டுதல், அக்ரிலிக் எழுத்து, எல்.இ.டி. விளக்கு பொருத்துதல் ஆகியன ஒரு பட்டறையில் உதவியாளராக இருந்தே கற்கத்தக்கவை.

தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் ‘பெயின்டர் ஜெனரல்’ என்னும் 2 ஆண்டுப் பயிற்சி உண்டு. சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 விழுக்காடு மானியத்துடன் கடன் பெறலாம். 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விண்ணப்பிக்கும் இடம் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம். தாம் செய்த பலகைகளின் படங்களையும், வேலை தர இசையும் இரண்டொரு வணிகரின் கடிதத்தையும் உடன் கொண்டு செல்க.