சூறைக்காற்றில் வண்டிக்கடை தார்ப்பாய் பறக்காமல் இருக்க... டிபன் வேன்காரர்கள் கவனத்துக்கு!

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதம் வந்தாலே சாயங்கால நேரத்தில் சூறைக்காற்று பயம்தான். ரோட்டோரம் வேனை நிறுத்தி டிபன், டீ விற்பவர்களுக்கு வியாபாரம் சூடு பிடிப்பதும் அதே நேரத்தில்தான். ஒரு காத்து அடித்தால் தார்ப்பாய், கம்பி, வேன் கதவு எல்லாம் போய்விடுகிறது.

காத்து எப்படி வருது?

பகல் வெயிலில் சூடான காற்று மேலே போய் மேகம் திரள்கிறது. மழை இறங்கும்போது குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. அதனால்தான் மழைக்கு முன்பே சில்லென்று காத்து வருகிறது. அதுதான் கடைசி எச்சரிக்கை.

150 கிலோ இழுவை

காற்றின் வேகம் 2 மடங்கானால் இழுவை 4 மடங்காகும். 10க்கு 10 அடி தார்ப்பாயை 30 கி.மீ. வேகக் காத்து சுமார் 40 கிலோ பலத்தில் தள்ளும். 60 கி.மீ. ஆனால் சுமார் 150 கிலோ! 20 லிட்டர் தண்ணி கேன் கட்டி வைத்தால் தாங்குமா?

மழைத்தண்ணியும் சும்மா இல்லை. அதே தார்ப்பாயில் ஒரு அங்குலம் தேங்கினால் 230 கிலோவுக்கு மேல் பாரம். ஒரு பக்கத்தை நல்லா தாழ்த்திக் கட்டினால் தண்ணி ஓடிவிடும்.

என்ன செய்யணும்?

* முதலில் அடுப்பை அணைத்து சிலிண்டரை மூடுங்கள்.

* சாப்பிடுபவர்களை தார்ப்பாய்க்கு அடியில் இருந்து வெளியே அனுப்புங்கள்.

* தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டுங்கள். இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சு போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

* வெளியே நீட்டிய பலகையை உள்ளே தள்ளி, தூக்கி நிறுத்திய பக்கக் கதவை இறக்கி தாழ்ப்பாள் போடுங்கள்.

* மரத்தடியிலோ, கரண்ட் கம்பிக்கு கீழேயோ வண்டி நிறுத்தாதீர்கள். கயிற்றை மின்கம்பத்தில் கட்டவே கூடாது.

காத்து பிடித்த பிறகு கம்பியைக் கையில் பிடித்துத் தொங்காதீர்கள். தார்ப்பாய் போனால் போகட்டும், ஆள் முக்கியம். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்கு சொல்லுங்கள். மாவட்ட பேரிடர் உதவிக்கு 1077.

மழை விட்டதும் ஈரத்தோடு மடித்து வைக்காதீங்க. பூஞ்சை பிடிக்கும். மறுநாள் வெயிலில் காயவைத்து, கண்ணு கிழிந்திருக்கா, கயிறு நைந்திருக்கா என்று பார்த்துக் கட்டினால் அடுத்த காத்துக்கு கவலை குறையும்.