காசித்தும்பை போடும் கணக்கு

கொடைக்கானல் மேல்மலையில் கூக்காலைச் சுற்றியுள்ள பழனி மலைச் சோலைகள் காசித்தும்பை இனச் செடிகளுக்கு ஏற்ற ஈரக்காடுகள். இவற்றின் முற்றிய காயை விரலால் தொட்டாலே போதும், ஐந்து ஓடுகளும் சட்டென உள்நோக்கிச் சுருண்டு விதைகளை வீசிவிடும். ஆற்றல், உந்தம், எறிபொருள் இயக்கம் என்று பதினோராம் வகுப்பில் தனித்தனியே படிக்கும் மூன்றும் இந்த ஒரு காய்க்குள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து வரும் கணக்கில் மாணவர்கள் திணறுவது சூத்திரம் தெரியாததால் அன்று. எந்தக் கட்டத்தில் எந்த விதி செல்லும் என்று முதலில் கேட்டுக்கொள்ளாததே காரணம்.

1 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாகப் பாய்ந்த விதை 1 மீட்டர் தள்ளி விழுந்தது என்று கொள்வோம். அவ்வளவு உயரம் விழ 0.45 விநாடி ஆகும். ஆகவே புறப்பட்ட வேகம் விநாடிக்கு 2.2 மீட்டர். விதையின் நிறை 10 மில்லிகிராம் என்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 25 மைக்ரோஜூல். காய் சேமித்து வைத்திருந்ததும் இவ்வளவுதான் என்று எழுதினால் கணக்கு தவறிவிடும். வட அமெரிக்கக் காசித்தும்பை ஒன்றை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வின்படி, காய் வெடிக்க 4 மில்லிவிநாடிதான் ஆகிறது. சேமித்த ஆற்றலில் விதைகளுக்குச் சேர்வது சுமார் அரை சதவீதமே.

ஆற்றல் அழியாது என்கிறார்களே என்று கேட்கலாம். அழியவில்லை; ஓடுகளின் அசைவுக்கும் வெப்பத்துக்கும் போய்விட்டது. இத்தகைய இடத்தில் உந்த மாறா விதி கைகொடுக்கும் என்பதை, துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கப் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் விளக்கிய ஊசல் காட்டுகிறது. விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் 10 கிராம் குண்டு, தொங்கும் 2.99 கிலோ மரக்கட்டையில் புதைந்தால், இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகரும். உந்தம் அப்படியே இருக்கிறது. 450 ஜூல் இயக்க ஆற்றலில் எஞ்சுவதோ 1.5 ஜூல். மோதல் முடிந்து கட்டை மேலே எழும்போதுதான் ஆற்றல் விதிக்கு வேலை. காசித்தும்பைக் காய்க்கு மட்டும் உந்த விதியைப் போட முடியாது; அது காம்பு வழியே செடியோடும் மண்ணோடும் பிணைந்திருக்கிறது.

காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்பது நியாயமான ஆட்சேபம். சேர்த்தால், விதை விநாடிக்கு 2.2 மீட்டரைவிடச் சற்று அதிக வேகத்தில் புறப்பட்டிருக்க வேண்டும் என்று தெரியும். விடை சிறிது மாறும், கணக்கை அணுகும் முறை மாறாது. ஆசிரியர்கள் எண்களைப் பிரதியிடச் சொல்வதற்கு முன், நிகழ்வைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய விதியை மாணவர்களையே சொல்லவைக்க வேண்டும். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.