உயர்ந்த மேடையும் கனத்த யந்திரமும்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில் ஸ்ரீபெரும்புதூரையும் அதற்குத் தெற்கேயுள்ள ஒரகடத்தையும் முன்னர்க் கண்டோர், இன்று காணின் இடமறியாது மயங்குவர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு மோட்டார் வண்டி உற்பத்தி தொடங்கிற்று. 2010-ஆம் ஆண்டு ஒரகடத்திலும் ஒரு பெரிய மோட்டார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இச்சாலைகளில் காற்றூதிகள், குளிர்விக்கும் யந்திரங்கள் முதலியன பலவும் தரையில் நில்லா. இரும்புத் தூண்களின்மேல் அமைந்த மேடைகளிலேயே அமர்த்தப்பெறும். அவற்றை ஏற்றுவோர் எங்ஙனம் விழுகின்றனர் என்பதே ஈண்டுக் கூறப்புகுவது.

மேடையின் நாற்புறமும் கைப்பிடிக் கம்பி உண்டு. ஆயினும் யந்திரம் உள்ளே புகுவதற்கு ஒரு பக்கத்துக் கம்பியைப் பெரும்பாலும் கழற்றவேண்டியிருக்கிறது. அபாயம் மிகுந்த வேளையிலேயே காவல் இல்லாதொழிகிறது. கிரேனில் தொங்கும் பாரம் சற்றே ஊசலாடும். விளிம்பில் நிற்பவன் அதனைக் கையால் பற்றி இழுப்பான். ஒரு டன் எடை ஒரு சாண் அசைந்தாலும் மனிதனை வெளியே தள்ளிவிடும். பாரத்திற் கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்து எட்ட நின்று திருப்புவதே முறை. குழாய்க்காகத் தளத்திற் செய்த துவாரத்தை மெல்லிய பலகையால் மூடிச் செல்வதும் ஒரு பொல்லாத வழக்கமே. தளத்துத் துவாரங்களை உறுதியாக மூடவோ வேலியிடவோ வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது.

‘பெல்ட்டு அணிந்துள்ளானே, அச்சமென்ன?’ என்பர் சிலர். கணக்கிட்டுக் காண்போம். பெல்ட்டின் கயிறு ஏறத்தாழ 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கும் மடிப்பு அவிழ்ந்தால் மேலும் ஒரு மீட்டர் நீளும், முதுகு வளையத்தினின்று பாதம்வரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கயிற்றைக் காலடியில் மாட்டியவன் மேடைக்குக் கீழே நான்கேகால் மீட்டர் சென்றபின்னரே தொங்குவான். மேடையின் உயரமோ நான்கு மீட்டராயின், கயிறு காக்குமுன் தரை வந்துவிடும். தலைக்குமேல் மாட்டியிருப்பின் பிழைத்திருப்பான். நான்கு மீட்டர் விழுவதற்கு ஒரு வினாடியும் ஆகாது. தரையைத் தொடுகையில் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர்.

நிற்க. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது கீழே வலை விரித்தனர். அது 19 பேரைக் காத்தது. ஆயின் 1937 பிப்ரவரி 17-ஆம் நாள் பல டன் எடையுள்ள வேலை மேடையொன்று முறிந்து வலையையும் கிழித்துக்கொண்டு வீழ, பதின்மர் மாண்டனர். மனிதனுக்கு இட்ட வலை பாரத்தைத் தாங்காது. நம் நாட்டில், 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவு சரிந்து, அஸ்ஸாம் முதலிய தொலைவிடங்களினின்று பிழைக்கவந்த ஒன்பது தொழிலாளர் உயிரிழந்தனர்.

இன்னுமொன்று. யந்திரம் அமர்ந்ததும் கலாசிகள் போய்விடுவர். கழற்றிய கம்பியைப் பூட்டுவது வேறு ஒப்பந்தக்காரர் பொறுப்பாயிருக்கும். அவர் ஆள் வருமுன் மின்கம்பி இழுப்பவன் வந்து, யந்திரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நடப்பான். யந்திரம் ஏற்றும் ஒப்பந்தத்திலேயே கம்பியைத் திரும்பப் பூட்டும் வேலையையும் எழுதிவிட்டால், செலவு சிறிதே. அங்கே பொறுப்பிலுள்ள நம் பழைய மாணவர் இதனைத் தம் கையொப்பத்திற்குமுன் பார்க்கலாம்.