பிரயாணத்துக்கு உகந்த முக்காலி

மலேசியாவின் யோங் பெங்கிலிருந்து வடமேற்கே பிரயாணமாகி, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்திலே விழும் சாகில் அருவியைப் பட்டிழைபோலப் படம்பிடிக்க விரும்பும் அன்பர்கள், கேமராவின் கண் சற்று நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டுமாதலால், அசையாத முக்காலியொன்றைக் கையோடு கொண்டுபோவது அவசியம். கனம் குறைந்திருப்பது சௌகரியந்தான். ஆயினும், பல மடிப்புகளாகச் சுருங்கும் கால்களின் கடைசித் துண்டு பென்சில்போல மெலிந்து, நீரின் வேகத்திலும் காற்றிலும் நடுங்குமென்பதை மறக்கலாகாது. அலுமினியத்தைவிடக் கார்பன் இழைக் கால்கள் இலேசானவை, விலையோ அதிகம்; எதுவாயினும், நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் அடியில் கொக்கியிருந்தால் தோள்பையை அதிலே தொங்கவிடுவது ஸ்திரத்தைக் கூட்டும். கடையிலேயே கால்களை முழுவதும் நீட்டி, உச்சியில் கைவைத்து அழுத்திப் பாருங்கள், ஆடினால் வாங்காதீர்கள்.