‘எல்லாம் அடங்கும்’: றொசல்லயிலிருந்து பாசிக்குடாவுக்கு ஒரு விடுமுறைக் கணக்கு

றொசல்லயில் ஆனி, ஆடி மாதங்களில் வெயிலைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்திலிருக்கும் வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. 2025 ஆடியில் அப்படியொரு மழைநாளில், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் எங்கள் லயத்துப் பையன் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். பாசிக்குடாவில் இரண்டு இரவு, மூன்று நாள். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், குளிர்பானம், நீச்சல் தடாகம் எல்லாம் அடங்கும். ஒருவருக்கு 18,000 ரூபா. “மலிவுதானே அக்கா, ஆகஸ்ட் லீவுக்கு எல்லாரும் போவமா?” என்று கீழே எழுதியிருந்தான்.

நான் பாடசாலை ஆசிரியை. லயத்தில் கணக்கு என்று வந்தால் என்னிடம்தான் வரும். நான்கு குடும்பங்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு இருந்தது. அதோடு, கிளிநொச்சியில் இருக்கும் என் சித்தியையும் அங்கே வரச்சொல்லலாம் என்று ஒரு எண்ணம். 1977 கலவரத்தில் மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பியவர். பாசிக்குடா எங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடமாகப் பட்டது. இப்போது வடக்கு, கிழக்கிலும் வெளிநாட்டிலும் உள்ள பலருக்கு இதே மாதிரி விளம்பரங்கள் வருகின்றன. அதனால் நாங்கள் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் என்றால் எவை?

அறைக்கும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே மொத்தமாகக் காசு கட்டும் இந்த முறையைப் பிரபலமாக்கியது ‘கிளப் மெட்’ என்ற நிறுவனம். ஜெரார்ட் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அதைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் களைத்துப்போன ஐரோப்பியர்களுக்கு மலிவான கடற்கரை விடுமுறை என்பதே அவர் யோசனை. முதல் விருந்தினர்கள் தங்கியது போரில் மிஞ்சிய இராணுவக் கூடாரங்களில். கூடாரத்தில் காசு கொடுத்துத் தங்கினார்கள் என்று சொன்னபோது சித்தி நம்பவில்லை.

நம் நாட்டு ஹோட்டல்களில் இதற்குப் பல படிகள் உண்டு. காலைச் சாப்பாடு மட்டும் ஒரு விலை. காலையும் இரவும் என்றால் ‘ஹாப் போர்ட்’. மூன்று வேளையும் என்றால் ‘புல் போர்ட்’. குடிவகையும் சேர்ந்தால்தான் ‘ஓல் இன்குளூசிவ்’. விளம்பரங்களில் ‘எல்லாம் அடங்கும்’ என்பது பெரும்பாலும் புல் போர்ட்டோடு கொஞ்சம் குளிர்பானம்தான். படகுச் சவாரி, கடல் விளையாட்டு, சில இடங்களில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் போத்தல் தண்ணீர்கூடத் தனிக்கணக்கு.

பேர்க் கணக்கில் எவ்வளவு?

விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. சேவைக் கட்டணம் 10 வீதம், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 18 வீத வற் வரி என்பதே அதன் பொருள். 18,000 ரூபா 23,364 ரூபா ஆனது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 93,456 ரூபா. வான் கூலி இதில் சேரவில்லை.

அப்போது எங்கள் நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா. பிடிபாடுகளைக் கழிக்காமல் பார்த்தாலும், ஒரு குடும்பத்துக்கு இது 69 பேர். மாதத்தில் 20 பேர் விழுந்தால் மூன்றரை மாத உழைப்பு. விளம்பரத்தில் இருந்த விலையை மட்டும் நம்பியிருந்தால் 53 பேர் என்று நினைத்திருப்போம். இந்த 16 பேர் வித்தியாசம், வாசலில் பில்லைக் கையில் வாங்கும்போதுதான் தெரியவந்திருக்கும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

முதலாவது காரணம் பருவகாலம். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நீர்கொழும்பு, பேருவளை, பெந்தோட்டை பக்கம் கடல் கொந்தளிக்கும். ஹோட்டல் விலையும் இறங்கும். அந்த நேரம் கிழக்கில் கடல் அமைதி. மார்கழி விடுமுறையில் இது தலைகீழ்: கிழக்கில் மழை, மலிவு, மேற்கில் நல்ல கடல், நல்ல விலை. ஆகவே விலையைப் பார்க்கும் முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று போய், கடலில் கால் வைக்க முடியாமல் அறையில் இருந்து திரும்பியவர்கள் உண்டு. பாசிக்குடா எங்களுக்குப் பொருத்தமாகத் தெரிந்ததற்கும் கடல்தான் காரணம். அது முருகைக்கல் தடுத்து நிற்கும் ஆழமில்லாத குடா. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர். மலையில் வளர்ந்த எங்களில் நீந்தத் தெரிந்தவர் எவருமில்லை.

இரண்டாவது காரணம், எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிடமாட்டார்கள் என்ற ஹோட்டலின் கணக்கு. ஆடியில் பாதிப்பேர் விரதம். மாட்டிறைச்சியும் கடலுணவும் நிறைந்த மேசையில் சோறும் பருப்பும் எடுப்பவரும் அதே காசுதான் கட்டுகிறார். குடிவகை சேர்ந்த பொதியென்றால் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. கட்டிய காசுக்குக் குடித்தே தீரவேண்டும் என்று சில ஆண்கள் நினைப்பார்கள். அந்தப் பொதியே வேண்டாமென்று பெண்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அடுப்பில்லாத மூன்று நாள்

இவ்வளவு சொன்னாலும், இந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு பெண் விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறார். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்படி. நாங்கள் இதுவரை போன கதிர்காமம், மடு பயணங்களில்கூட அரிசி மூட்டையும் சட்டி பானையும் வானில் ஏற்றிப்போய், போன இடத்திலும் சமைத்தவர்கள் பெண்களே. அந்தப் பயணங்கள் செலவு குறைந்தவை என்று சொல்லும்போது அவர்களின் உழைப்பை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. “மூணு நாளு யாராவது சோறு போட்டா உக்காந்து திங்கணும், அதுக்கே காசு குடுக்கலாம்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதற்குப் பிறகு போவதா இல்லையா என்ற பேச்சு நின்றது. எங்கே தங்குவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

மதிலுக்கு வெளியே

உள்ளேயே எல்லாம் கிடைத்தால் வெளியே போகத் தேவையில்லை. அதனால் வெளியே இருக்கும் தேநீர்க் கடைக்கும் மீன் விற்பவருக்கும் ஓட்டோக்காரருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஆபிரிக்காவில் காம்பியா நாடு இந்தக் காரணத்துக்காகவே 1999இல் இத்தகைய பொதிகளைத் தடைசெய்தது. பயண முகவர் நிறுவனங்களின் அழுத்தத்தால் மறு ஆண்டே தடை நீங்கியது.

பாசிக்குடாவில் 1970களிலேயே ஹோட்டல்கள் இருந்தன. போரும் 2004 ஆழிப்பேரலையும் அவற்றை அழித்தன. 2009க்குப் பிறகு அது சுற்றுலா வலயமாகி வரிசையாக உல்லாச விடுதிகள் எழுந்தன. கற்பிட்டி, பாசிக்குடா, குச்சவெளி ஆகிய இடங்களைப் பற்றி சுவிற்சர்லாந்தின் ‘அச்சுறுத்தப்பட்ட மக்களுக்கான சங்கம்’ 2015இல் வெளியிட்ட ஆய்வு, காணி இழப்பு பற்றியும் மீனவர் கடலுக்குப் போகும் பாதை பற்றியும் முறைப்பாடுகளைப் பதிவு செய்திருக்கிறது. வேலை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடற்கரை பொதுச்சொத்து. விடுதியில் தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்த மணலில் நடக்க எல்லாருக்கும் உரிமையுண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கல்குடாவில் ‘லாயா வேவ்ஸ்’, காங்கேசன்துறையில் ‘தல்செவன’ ஆகியவை இராணுவம் நடத்தும் விடுதிகள். திருகோணமலையில் ‘மார்பிள் பீச்’ விமானப்படையினுடையது. தேடிப்பார்க்காமல் முற்பணம் கட்டினால் இது தெரியாமலே போகலாம். அங்கே தங்குவதும் தங்காததும் அவரவர் முடிவு. தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டுமே என் பேச்சு.

சித்தி கேட்டது

சித்திக்கு அழைப்பெடுத்தபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “கடலா? நான் கடைசியாக் கடல்ல கால் வச்சது முள்ளிவாய்க்கால்லதானே” என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “வாசல்ல காவலுக்கு ஆக்கள் நிப்பாங்களா? உள்ள போனா நினைச்ச நேரம் வெளிய வரலாமா?”

பெரிய விடுதிகளில் வாசலில் காவலாளி இருப்பார். கையில் பட்டி கட்டுவதும் சில இடங்களில் வழக்கம். விருந்தினர் யாரென்று அடையாளம் காணத்தான் அது. ஆனால் பெயர் பதிந்து, அட்டை காட்டி, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் கல்குடாவில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தங்குமிடத்தைப் பிடித்தோம். மூன்று வேளையும் அவர்களே சமைத்தார்கள். வரியெல்லாம் சேர்த்து ஒருவருக்கு 11,000 ரூபா. நான்கு பேருக்கு 44,000, அதாவது 33 பேர் சம்பளம். நீச்சல் தடாகம் இல்லை, ஏசி இல்லை, ஒருநாள் தண்ணீர் மோட்டரும் நின்றது. பிள்ளைகளுக்குத் தடாகம் இல்லாதது பெரிய மனக்குறை. பெண்கள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. சித்தி முதல் நாள் தாழ்வாரத்தை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் விடிய, வீட்டுக்கார அம்மா மீன் வாங்கப் போனபோது கூடவே போய், தோணியடியில் நின்று விலை பேசிக்கொடுத்துவிட்டு வந்தார். தண்ணீரில் இறங்கினாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

காசு கட்டுமுன்

இனி யாராவது விளம்பரத்தோடு வந்தால் நான் கேட்கச் சொல்வது இவைதான்:

- சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு? அதை எழுத்தில் தருவார்களா?
- எவை அடங்கா? தண்ணீர், படகு, பிள்ளைகளுக்கான கட்டணம் எப்படி?
- அந்த மாதத்தில் அந்தக் கரையில் கடலில் இறங்கலாமா?
- மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைப்பார்களா?
- போகமுடியாமல் போனால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா?
- விடுதி யாருடையது?

கடைசியாக ஒன்று. உங்களோடு வருபவர்களில், கடல் என்றதும் வேறு எதையாவது நினைப்பவர் இருக்கிறாரா? இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அவரிடம் கேளுங்கள்.